தலைவரும் வலது பிரேக்கும்

தேர் நின்றதைப் பற்றி ஆனந்தராஜாவுக்கு ஒரு குறையும் இல்லை. தேர் என்றால் நாலு இடத்தில் நிற்கத்தான் செய்யும். அது போயும் போயும் விநாசித்தம்பியின் வாசலில் நின்றதைத்தான் அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஜெலுத்தோங்கில் மோட்டார் பட்டறைகளுக்கும் மீன் கடைகளுக்கும் நடுவே ஒரு சந்துக்குள் இருக்கும் அம்பாள் கோயிலுக்கு ஆனந்தராஜா தலைவர். எத்தனை வருடமாகத் தலைவர் என்று யாராவது கேட்டால், கேட்டவர்தான் வெட்கப்பட வேண்டும் என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார். அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு உடம்புக்குத்தான் கிடைத்தது; தோரணை இன்னும் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. காலையில் தோசைக்குச் சட்னி கேட்பதானாலும் "மேற்படி விஷயமாக" என்று ஆரம்பிக்கிற மனுஷன் என்று அவர் மனைவி பத்மாவதி அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள்.

விநாசித்தம்பி ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். ஒரு காலத்தில் கையைக் காட்டி ரயிலை நிறுத்திய பழக்கம் விடாமல், இப்போது கையைக் காட்டி மற்றவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டிருந்தார். தலைவர் பதவி தனக்கு வரவேண்டியது, தண்டவாளம் மாறிப் போய்விட்டது என்பது அவருடைய நெடுநாளைய கணக்கு. இரண்டு பேரும் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தார். சந்திக்கும்போதெல்லாம் மிகுந்த மரியாதையோடு ஒருவரை ஒருவர் கடித்துக்கொள்வார்கள்.

காளைகள் கிடைப்பது கஷ்டமாகிவிட்டதால் அந்த வருடம், அதாவது எண்பத்தாறில், தேர் இழுக்கக் கோயிலுக்கு ஒரு டிராக்டர் வந்தது. கடலுக்கு அக்கரையில், பத்து காவான் என்ற ஊர்ப் பக்கத்து எஸ்டேட்டில் உழைத்துக் களைத்த சின்ன டிராக்டர். நீலச் சாயம் பாதி போயிருந்தது. தீவையும் அக்கரையையும் இணைத்துப் புதிதாகத் திறந்த பாலத்தின் மேலாக அதை லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது ஆனந்தராஜா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார், ஏதோ போரில் பிடித்த யானையைக் கொண்டுவருகிறவர் மாதிரி.

சித்ரா பௌர்ணமி அன்று சாயங்காலம் தேர் புறப்பட்டது. மீன் லோரி ஓட்டும் தங்கராஜுதான் டிராக்டர் ஓட்டினான். பெரிய சாலையில் ஒரு குறையும் இல்லை. குடியிருப்புத் தெருவுக்குள் திரும்பி, அர்ச்சனைத் தட்டோடு நிற்கிறவர்களுக்காக வாசலுக்கு வாசல் பிரேக்கை மிதித்து மிதித்துப் போனபோது, விநாசித்தம்பி வீட்டு வாசலில் டிராக்டர் முனகிவிட்டு நின்றது. தங்கராஜு எண்ணெயை முறுக்கி வேகம் கொடுத்தான். வலது சக்கரம் பிடிவாதமாக இருந்தது. இன்ஜின் இருமி அணைந்தது. மறுபடி கிளப்பினான், இரண்டு முழம் இழுபட்டு மறுபடி அணைந்தது. எதுவோ கருகும் நாற்றம் அடித்தது. கூட்டத்தில் ஒருவர் அதைச் சாம்பிராணி வாசனை என்றார். சொன்ன பிறகு எல்லாருக்கும் அது சாம்பிராணியாகவே மணந்தது.

"அம்மா நகர மாட்டேங்கிறா!" என்று ஒரு குரல் எழும்பியது. அதற்குள் விநாசித்தம்பி பட்டு வேட்டியோடு இறங்கி வந்துவிட்டார். தேங்காய் உடைத்தார், கற்பூரம் கொளுத்தினார், தேவாரம் ஒரு பதிகம் முழுவதையும், ஒரு அடி கூடத் தள்ளுபடி இல்லாமல், பாடித் தீர்த்தார். பாடி முடித்துக் கையை மேலே தூக்கிக் காட்டினார். தங்கராஜு கிளப்பினான். தேர் வழுக்கிக்கொண்டு கிளம்பியது. தெருவே அலறியது.

பிரேக் என்ற ஒன்றையே மறந்துவிடுவது என்று தங்கராஜு முடிவு செய்திருந்ததால், அதே தெருவில் கொஞ்சம் தள்ளியிருந்த தலைவர் வீட்டைத் தேர் விறுவிறுவென்று தாண்டிப் போனது. பத்மாவதி தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

மறுநாள் முதல் விநாசித்தம்பியின் கேட்டில் மஞ்சள் துணி கட்டினார்கள். எலுமிச்சம்பழ விளக்கு ஏற்றினார்கள். அக்கரைப் பட்டர்வொர்த்திலிருந்து கப்பல் ஏறி ஆட்கள் வந்தார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆண்டுக் கூட்டம், தலைவர் தேர்தல். "நான் கேட்டு நிக்கேல்லை. அம்பாளே ஆளைக் காட்டிப்போட்டா, நான் என்ன செய்யிறது?" என்று விநாசித்தம்பி வருகிறவர்களிடமெல்லாம் அலுத்துக்கொண்டார்.

தலைவர் பதவி போனால் ஆனந்தராஜாவுக்கு என்ன போகும் என்று வெளியார் நினைக்கலாம். பூசை முடிந்ததும் முதல் திருநீறு, முதல் மாலை, முதல் பிரசாதம், எல்லாம் தலைவருக்குத்தான். அந்த முதல் கை நீட்டலுக்காகத்தான் அவர் காலையில் கண் விழிப்பதே.

"நீர் ஏன் காலங்காத்தாலை சீலை மாத்திக்கொண்டு நிக்கிறீர்?" என்று மனைவியைக் கேட்டார்.

"விளக்கு ஏத்திப்போட்டு வந்தனான்."

"அவன்ர வாசலுக்கோ?"

"அவரிட்டை ஆர் போனது? அம்பாள் நிண்ட இடத்துக்குப் போனனான். எங்கட வாசல்லை நிண்டிருந்தா எனக்கு ஏன் இந்த நடை?"

ஆனந்தராஜா அன்று சட்னி கேட்கவில்லை. நேரே தங்கராஜுவைக் கூப்பிட்டு விசாரணை வைத்தார்.

"தலைவரே, பிரேக்கு மிதிச்சேன். கீழ போச்சு, மேல வரல. ரைட்டு பக்கம் மட்டும். காலால நோண்டிப் பெடலைத் தூக்குனா பெடல் வந்துருச்சு, சக்கரம் விடல. அவ்வளவுதான்லா."

"இதை அன்றைக்கே சொல்வதற்கு என்ன கேடு?"

"சொன்னேனே! பிரேக்கு, பிரேக்குன்னு கத்துனேன். நல்லம்மா அக்கா தலையில ஒரு குட்டு விட்டுச்சு. 'அம்மா வந்துருக்கா, வாயை மூடுடா'ன்னுச்சு. மூடிட்டேன்."

ஆனந்தராஜாவின் முகத்தில் பல நாளாகக் காணாமல்போன வெளிச்சம் வந்தது. பிரேக்! வெறும் இரும்பு! உடனே அடுத்த தெருவில் பட்டறை வைத்திருக்கும் ஹனீபாவுக்கு ஆள் போனது.

ஹனீபா வந்தார் என்பதைவிட எழுந்தருளினார் என்பது பொருத்தம். ஜெலுத்தோங்கில் ஓடுகிற லோரியில் பாதி தன் கையால் உயிர் பிழைத்தவை என்று அவர் சொல்வார்; மீதிப் பாதியைப் பற்றிப் பேச மாட்டார். டிராக்டர் நின்ற கோயில் கொட்டகைக்குள் நுழையாமலே, பத்தடி தூரத்திலிருந்து டிராக்டரைப் பார்த்தார்.

"ஸ்பிரிங்கு போயிருச்சு, தலைவரே. பெடலை மேல இழுக்குற ஸ்பிரிங்கு. ஹனீபாவுக்குக் கிட்ட வந்து பாக்கணும்னு இல்ல."

புது ஸ்பிரிங் மாட்டினார். தங்கராஜு ஓட்டிப் பார்த்தான். நாலு தரம் மிதித்ததும் வலது சக்கரம் மறுபடி பிடித்துக்கொண்டது.

"அப்ப லைனிங்குதான்," என்றார் ஹனீபா, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "மழைத் தண்ணி குடிச்சு ஊதிப்போயிருக்கும். டிரம்மைக் கழட்டணும். இப்பவே கழட்டவா?"

"வேண்டாம்!" என்று ஆனந்தராஜா பதறினார். அவர் மூளைக்குள் ஒரு மகத்தான யோசனை மணி அடித்தது. பூட்டிய அறையில் பிரேக்கைச் சரி செய்து யாருக்கு என்ன லாபம்? ஞாயிற்றுக்கிழமை, கூட்டத்துக்கு முன்னால், அங்கத்தினர்கள் எல்லாருடைய கண் எதிரிலும் பிரிக்க வேண்டும். விநாசித்தம்பியின் அதிசயத்தை ஸ்பானரால் திருகி எடுக்க வேண்டும்.

கோயில் கரும்பலகையில் அறிவிப்பை அவரே எழுதினார்: 'மேற்படி ஊர்தியின் தடுப்பான் பழுது குறித்த பகிரங்க ஆய்வு.' படித்தவர்கள் பாதிப் பேர் யாருக்கோ ஆப்பரேஷன் என்று நினைத்துக்கொண்டார்கள். அதனாலேயே கூட்டம் நன்றாகச் சேர்ந்தது.

ஞாயிறு காலைப் பூசை முடிந்து, கொட்டகையில் நாற்காலி போட்டார்கள். முன்வரிசையில் விநாசித்தம்பி. அவருக்குப் பின்னால், தங்கராஜுவைக் குட்டிய நல்லம்மா, நெற்றி நிறையக் குங்குமத்தோடு. ஓரமாகக் குருக்கள், தன்னை யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாதே என்ற முகத்தோடு. ஆனந்தராஜா எழுந்து பேசினார்.

"பக்தி வேறு, பழுது வேறு. அம்பாளின் பேரைச் சொல்லி யாரும் தம் வீட்டு வாசலுக்குப் பெருமை தேடிக்கொள்ள இந்தச் சபை இடம் கொடாது. இரும்பு பொய் சொல்லாது. இரும்பு பேசட்டும்!"

"பேசட்டும், பேசட்டும்," என்றார் விநாசித்தம்பி. "தலைவர் கொஞ்சம் நிப்பாட்டினா அது பேசும்."

ஹனீபா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மேடை ஏறின நடிகர் மாதிரி ஆரம்பித்தார். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார். கியரை நியூட்ரலில் போட்டு, பின்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கினார். இரண்டு பிரேக்கையும் நாலு தரம் மிதித்துவிட்டார். இடது சக்கரத்தை ஒரு கையால் தள்ளினார், ராட்டினம்போலச் சுற்றியது. வலது சக்கரத்துக்கு இரண்டு கையும் கொடுத்தார். அசையவில்லை.

"பாத்தீங்களா? நோய் வலது பக்கம். இப்ப பெடலா, உள்ளயான்னு பாக்கணும்." பெடலையும் பிரேக்கையும் இணைக்கிற கம்பியைக் கழற்றினார். பெடல் துள்ளி மேலே வந்தது. சக்கரம் அப்படியே இருந்தது. "பெடல் சுத்தம். திருடன் உள்ள இருக்கான். நான் சொன்னேன்ல, லைனிங்கு!"

சக்கரத்தைக் கழற்றி, மரச் சுத்தியலால் தட்டித் தட்டி டிரம்மை இழுத்தார். லைனிங் காய்ந்த வறட்டிபோல மொறுமொறுவென்று, ஊதாமல், நனையாமல், ஒரு குற்றமும் இல்லாமல் இருந்தது. ஹனீபா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தான் சொன்னதைக் கேட்காத லைனிங்கின் மேல் அவருக்குக் கோபம் வந்தது.

விநாசித்தம்பி கையைத் தூக்கினார். "ஸ்பிரிங் எண்டியள். இல்லை. லைனிங் எண்டியள். அதுவும் இல்லை. இனி என்ன மிச்சம்? அம்பாள் எண்டு சொல்லக் கூச்சமாக் கிடக்கோ?"

நல்லம்மா "தாயே!" என்றாள். பின்வரிசையில் யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஆனந்தராஜா ஹனீபாவின் பக்கம் குனிந்தார்.

"பாய், வேற என்ன?" என்றார் மெதுவாக.

"பொறுங்க தலைவரே, அவசரப்பட்டா எப்படிலா?" ஹனீபா குனிந்தார். பெடலை மிதித்தால் ஒரு சிறு இரும்புத் தண்டு திரும்பி, லைனிங்கை டிரம்மோடு சேர்த்து அழுத்தும். மிதியை விட்டால் தண்டு திரும்பி வர வேண்டும். அது வராமல் தன் துளைக்குள் ஒட்டிக்கொண்டு நின்றது. மண்ணெண்ணெய் ஊற்றினார். பித்தளைத் துண்டு வைத்து அடித்தார். மறுபடி ஊற்றி மறுபடி அடித்தார். தண்டு சினிமாச் சாவு மாதிரி நெடுநேரம் இழுத்துவிட்டு வெளியே வந்தது. கூடவே கறுப்பாக, கொழகொழவென்று ஒன்று வந்தது. அதன் பின்னால் ஒரு படை எறும்பு.

"மாட்டிக்கிட்டான்!" என்று ஹனீபா கத்தினார். "பழைய கிரீஸு! இறுகிப்போன எஸ்டேட்டு கிரீஸு!"

"கிரீஸை எறும்பு திங்குமா பாய்?" என்றான் தங்கராஜு.

ஹனீபாவின் கணிப்பு மூன்றாம் முறையாகப் பொய்த்தது. விரலில் கொஞ்சம் எடுத்து முகர்ந்தார். நகத்தால் நோண்டினார். சுருங்கிய ஒன்று கையோடு வந்தது.

"தலைவரே," என்றார், குழப்பத்தோடு. "இது திராட்சை. பாயசத்துல போடுவாங்களே, அந்தத் திராட்சை."

எல்லார் தலையும் தலைவர் பக்கம் திரும்பியது.

டிராக்டர் வந்து இறங்கிய நாளில் நடந்தது எல்லாருக்கும் ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்தது. புது வண்டி வந்தால் சந்தனம், குங்குமம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், அதோடு முடிப்பது வழக்கம். தலைவருக்கு அது போதவில்லை. அம்பாளை இழுக்கப்போகிற வாகனத்துக்கு அம்பாளுக்கு நடக்கிற அபிஷேகம் முழுவதும் நடக்க வேண்டும் என்றார். "அது இரும்புங்களே" என்று குருக்கள் இழுத்ததற்கு, "ஆகமத்தில் இரும்பு கூடாது என்று எங்கே இருக்கிறது?" என்று மடக்கினார். ஆகமத்தில் டிராக்டரே இல்லை என்று சொல்லக் குருக்களுக்குத் தைரியம் வரவில்லை. பாலும் இளநீரும் ஊற்றி, கடைசியில் ஒரு குடம் பஞ்சாமிர்தத்தைத் தலைவரே தம் கையால் ஊற்றினார். பத்திரிகைக்காரப் பையன் வெளிச்சம் நன்றாக விழும் வலது பக்கமாக நிற்கச் சொன்னதால் வலது பக்கமே நின்று ஊற்றினார். படம் சரியாக வரவில்லையென்று இன்னொரு முறையும் ஊற்றினார். அந்தப் படம் இப்போது கோயில் அலுவலகத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

"வெல்லம்லா!" ஹனீபாவுக்கு விஷயம் புரிந்ததும் பழைய குரல் திரும்பிவிட்டது. "மட்கார்டு வழியா வழிஞ்சு உள்ள இறங்கியிருக்கு. ஆறிக் கெடக்கும்போது பாகு இறுகும், தண்டைப் புடிச்சுக்கும். சக்கரம் உரசி உரசிச் சூடேறுனா பாகு இளகும். ஸ்பிரிங்கு மெதுவா இழுத்துத் தானா விட்டுரும். அன்னிக்கு ஐயா பாட்டுப் பாடுன நேரத்துல இளகியிருக்கு. அவ்வளவுதான்! நான் அப்பவே நெனச்சேன்!"

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். பத்மாவதி சிரிப்பை மறைக்க முந்தானையை வாயில் வைத்தாள், அது மறையவில்லை. ஆனந்தராஜா, தான் பேசச் சொன்ன இரும்பு இத்தனை தெளிவாகப் பேசும் என்று எதிர்பார்க்கவில்லை. அதிசயம் ஒழிந்தது சரி. கூடவே அவரும் ஒழிந்தார். பஞ்சாமிர்தத்தில் தேரை நிறுத்திய தலைவருக்கு யார் கை தூக்குவார்கள்?

ஆனால் விநாசித்தம்பியின் முகமும் தொங்கித்தான் போயிருந்தது. வெல்லப்பாகு நிறுத்திய வாசலுக்கு யார் விளக்கு ஏற்றுவார்கள்? பிறகு எழுந்து கையைக் காட்டினார். சிரிப்பு நின்றது.

"பொறுங்கோ. இது சாதாரண வெல்லமோ? அம்பாள் சந்நிதியிலை படைச்ச பஞ்சாமிர்தம். பிரசாதம். அம்பாள்ட பிரசாதம்தான் சக்கரத்தைப் பிடிச்சது. எத்தினை வாசல் தாண்டி வந்தது தேர்? அங்கையெல்லாம் பிடிக்காமல் ஏன் என்ர வாசல்லை வந்து பிடிச்சது? பாயும் சொல்லுறார்தானே, என்ர தேவாரத்துக்குத்தான் இளகினது எண்டு."

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்றார் ஹனீபா. அதை யாரும் கேட்கவில்லை. சபை தலையாட்டத் தொடங்கியிருந்தது.

ஆனந்தராஜாவுக்கு வேறு எதில் மூளை ஓடாவிட்டாலும், மூடப்போகிற கோப்பில் கடைசி நிமிடம் தன் பெயரை நுழைப்பதில் நாற்பது வருஷ அனுபவம் உண்டு. மேசையைத் தட்டினார்.

"மிகச் சரி! திரு விநாசித்தம்பி சொன்னதை நான் அப்படியே ஏற்கிறேன். ஆனால், ஊற்றிய கை யாருடைய கை? இரும்புக்கு வேண்டாம் என்று எல்லாரும் தடுத்தார்கள். நான் கேட்டேனா? என்னை அறியாமல் என் கை ஊற்றியது. அதுவும் வலது பக்கமாக! அந்தக் கை ஊற்றாமல் இருந்தால் அம்பாள் எதை வைத்து உங்கள் வாசலில் நின்றிருப்பாள்?"

இதற்கு முன்பு அந்தக் கோயிலில் அப்படிக் கைதட்டல் எழுந்ததில்லை. முட்டாள்தனம் என்று சற்று முன்பு சிரிக்கப்பட்டது இப்போது திருவருள் ஆகிவிட்டது. இருவருக்கும் பங்கு பிரித்தாகிவிட்டது. மிச்சமெல்லாம் மளமளவென்று நடந்தது. ஆனந்தராஜாவே மறுபடி தலைவர். விநாசித்தம்பிக்கு உபதலைவர் என்று புதிதாக ஒரு பதவி. வருடா வருடம் அவர் வாசலில் தேர் நிற்கும். டிராக்டருக்கும் வருடா வருடம் பஞ்சாமிர்த அபிஷேகம் உண்டு.

"வருஷா வருஷமா!" என்றான் தங்கராஜு. அவனை உட்காரச் சொன்னார்கள்.

இத்தனை கூச்சலுக்கு நடுவே ஹனீபா துளையை வழித்துத் துடைத்து, தண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதுக் கிரீஸ் தடவி, எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டார். பெடலை மிதித்தார், விட்டார், மிதித்தார், விட்டார். வலது சக்கரம் பிடித்தது, விட்டது. "எப்படி? ஹனீபா கை!" என்று நாலு பக்கமும் பார்த்தார். ஒரு ஆள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நல்லம்மா மட்டும் அவரிடம் வந்தாள். அவர் வழித்து எடுத்து, பழைய தகரத் தட்டில் போட்டிருந்த கறுப்புக் கொழகொழப்பை உற்றுப் பார்த்தாள்.

"இதைத் தூக்கிப் போடப் போறீங்களா பாய்?"

"பின்ன என்ன அக்கா, ஊறுகாயா போட முடியும்?"

"இவ்வளவு நேரம் என்ன பேசுனாங்க? இது அம்மா பிரசாதம். கால் படுற எடத்துல போடலாமா?" என்று சொல்லிக்கொண்டே வாழையிலைத் துண்டில் அதை வழித்துக்கொண்டாள்.

"அக்கா, அக்கா! அதுல கிரீஸு இருக்குலா! மண்ணெண்ணெய் வேற ஊத்தியிருக்கேன்!"

"நீங்க உங்க வேலையப் பாருங்க பாய். இது கோயில் சமாச்சாரம்."

இலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நேரே தலைவர் முன்னால் வந்து நின்றாள். கூட்டம் எழுந்து நின்று கை கூப்பியது.

"முதல்ல தலைவருக்கு. முறைய மாத்த முடியுமா?"

ஆனந்தராஜா இலையைப் பார்த்தார். ஒரு எறும்பு இன்னும் உயிரோடு இருந்தது. குருக்களைப் பார்த்தார்; குருக்கள் கூரைத் தகரத்தில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார். மனைவியைப் பார்த்தார். "எடுங்கோவன்," என்றாள் பத்மாவதி. "வேணும் எண்டுதானே இவ்வளவு பாடும்."

இது பிரசாதம் இல்லை, வெறும் அழுக்கு என்று ஒரு வார்த்தை சொல்லலாம். சொன்னால் தேரை நிறுத்தியதும் வெறும் அழுக்கு; ஊற்றிய கையும் வெறும் கை. கால் மணி நேரத்துக்கு முன்பு கிடைத்த பதவி அந்த ஒரு வார்த்தையில் கரைந்துபோகும்.

"முறை முறைதானே, தலைவர்," என்றார் விநாசித்தம்பி, இனிக்க இனிக்க, இரண்டு அடி பின்னால் தள்ளி நின்றுகொண்டு. "நாங்கள் பிறகு எடுக்கிறம். நீங்கள் எடுங்கோ."

ஆனந்தராஜா வலது கையை நீட்டினார். நல்லம்மா தாராளமாக வைத்தாள். கண்ணை மூடி வாயில் போட்டுக்கொண்டார். முதலில் வெல்லம் தெரிந்தது. பிறகு பத்து காவான் எஸ்டேட் முழுவதும் தெரிந்தது. கடைசியில் மண்ணெண்ணெய் மூக்கு வரை ஏறியது. விழுங்கினார்.

"அழுறார் பாரு," என்று யாரோ உருகினார்கள். "அவ்வளவு பக்தி!"

விநாசித்தம்பி சந்தடி இல்லாமல் கொட்டகை வாசலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார். ஆனந்தராஜா தொண்டையைப் பிடித்துக்கொண்டு, வந்த குரலில் கூப்பிட்டார்.

"நல்லம்மா! உபதலைவருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுங்கள்."